ஓசோன் படலச் சேதம்: இன்னும் கசிவது எங்கே, அடைப்பது எப்படி?

"ஓசோன் படலம் எதனால் சேதமாகிறது? அரசாங்கங்கள் செய்வது போக, நம் அளவில் அதைக் குறைக்க ஏதாவது வழி உண்டா?" என்பது கேள்வி.

உண்டு. ஆனால் பள்ளிக் கட்டுரைகளில் எழுதப்படும் பட்டியல் இதற்கு உதவாது. மரம் நடுவதும் பிளாஸ்டிக்கைக் குறைப்பதும் வேறு காரணங்களுக்காகச் செய்யவேண்டியவை. ஓசோன் படலத்துக்கும் அவற்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. வாகனப் புகையிலிருந்து தரையோரம் உண்டாகும் ஓசோன் நுரையீரலைக் கெடுக்கும், மேலே ஏறிப் படலத்தை நிரப்பவும் செய்யாது. சென்ட் ஸ்ப்ரேயைத் தூக்கிப் போடுவதிலும் இன்று பலனில்லை. இப்போது அந்த டப்பாக்களில் உந்துவாயுவாக இருப்பது பெரும்பாலும் பியூட்டேன், புரொப்பேன் வகைதான். ஓசோனை அழிக்கும் வாயு இன்று நமக்கு மிக அருகில் இருப்பது பழைய ஏசியின் குழாய்க்குள்ளும் பழைய ஃப்ரிட்ஜின் சுவருக்குள்ளும். அது வெளியேறுவது சர்வீஸின்போதும், கழற்றி மாட்டும்போதும், பழைய இரும்புக் கடைக்குப் போகும்போதும். ஆகவே என் பதிலில் பெரும்பகுதி ஏசி, ஃப்ரிட்ஜ் பற்றித்தான்.

முதலில் சேதம் நடக்கும் விதம். தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் மிக மெல்லியதாகப் பரவியிருக்கிறது. தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் கடல்மட்ட அழுத்தத்துக்கும் 0 டிகிரிக்கும் கொண்டுவந்தால் 3 மில்லிமீட்டர் உயரம்தான் தேறும். அதை 300 டாப்சன் அலகு என்பார்கள். நம் வெப்பமண்டலத்தில் இயல்பாகவே சற்றுக் குறைவு. கொடைக்கானலில் வானிலைத் துறை பல பத்தாண்டுகளாக டாப்சன் கருவியால் இதை அளந்துவந்திருக்கிறது. 220 அலகுக்குக் கீழே போன இடத்தைத்தான் 'ஓட்டை' என்கிறோம். அது அண்டார்டிகாவுக்கு மேலே ஒவ்வொரு செப்டம்பர், அக்டோபரிலும் திறக்கிறது. 1985இல் அங்குள்ள ஹாலி ஆய்வு நிலையத்தின் அளவீடுகளைக் கொண்டு ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மூவரும் அதை வெளிப்படுத்தினார்கள்.

இந்தச் சேதத்தின் முதல் குற்றவாளி சிஎஃப்சி (குளோரோஃபுளோரோகார்பன்), பழைய ஃப்ரிட்ஜ்களிலும் ஸ்ப்ரேக்களிலும் இருந்த வாயு வகை. "அது காற்றைவிடக் கனமான வாயுவாயிற்றே, எப்படி மேலே போகும்?" என்று பலரும் கேட்பார்கள். சுமார் 100 கிலோமீட்டர் உயரம்வரை காற்று ஓயாமல் கலக்கப்பட்டுக்கொண்டே இருப்பதால் கனமான வாயு கீழே படிந்துவிடுவதில்லை. கீழே எதனுடனும் வினைபுரியாமல் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிப்பதுதான் இந்த வாயுக்களின் சிக்கல். சிஎஃப்சி-11இன் ஆயுள் சுமார் 50 ஆண்டு, சிஎஃப்சி-12இன் ஆயுள் சுமார் 100 ஆண்டு. மேலே போனதும் புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரின் அணு பிரிகிறது. அந்த அணு ஓசோனிலிருந்து ஓர் ஆக்சிஜனைப் பறித்துக் குளோரின் மோனாக்சைடாகி, அந்த ஆக்சிஜனை இழந்து மறுபடி தனிக் குளோரினாகி, அடுத்த ஓசோனுக்குப் போகும். இப்படி ஒரே அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள்வரை அழிக்கக்கூடும். வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974இல் சொன்னது இதைத்தான். அண்டார்டிகாவில் கூடுதலாக ஒன்று நடக்கிறது: குளிர்கால இருட்டில், மைனஸ் 78 டிகிரிக்கும் கீழான குளிரில் உருவாகும் மேகத் துகள்களின் மேற்பரப்பில், செயலற்றுக் கிடந்த குளோரின் சேர்மங்கள் வீரியமான வடிவத்துக்கு மாறிக் காத்திருக்கின்றன. வசந்தத்தின் முதல் வெயில் பட்டதும் அழிவு தொடங்குகிறது.

எந்த வாயு எவ்வளவு கெடுதல் என்பதை சிஎஃப்சி-11ஐ 1 என்று வைத்து அளக்கிறார்கள். சிஎஃப்சி-12க்கும் 1. தீயணைப்பு ஹாலான்-1301க்கு 10. பூச்சி கொல்லும் வாயுவான மெத்தில் புரோமைடுக்கு 0.6. ஃபோம் தயாரிப்பிலும் குழாய் கழுவவும் பயன்பட்ட ஆர்-141பிக்கு 0.11. ஏசியின் ஆர்-22க்கு 0.055. அவற்றுக்குப் பதிலாக ஏசி, ஃப்ரிட்ஜ்களில் வந்த ஆர்-134ஏ, ஆர்-410ஏ, ஆர்-32, ஆர்-290, ஆர்-600ஏ எல்லாவற்றுக்கும் பூஜ்யம். உங்கள் காரின் ஏசியில் ஆர்-134ஏ இருந்தால் அது கசிவது ஓசோனைத் தொடாது. பூமி சூடேறுவதைத்தான் கூட்டும்.

ஓசோனை அழிக்கும் வாயுக்களைப் படிப்படியாக நிறுத்த 1987 செப்டம்பர் 16இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்பாடு இந்தத் துறையில் பெரிய வேலையை முடித்துவிட்டது. இந்தியா 1992இல் சேர்ந்தது. மேட்டூர் கெம்பிளாஸ்ட் உட்பட நான்கு நிறுவனங்கள் இங்கே சிஎஃப்சி தயாரித்துவந்தன. 2010 ஜனவரி 1க்குள் சிஎஃப்சி, ஹாலான், கார்பன் டெட்ராகுளோரைடு ஆகியவை வழக்கமான பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன. அடுத்த தலைமுறையான ஆர்-22 வகைக்கு 2025 முதல் அடிப்படை அளவில் 67.5 சதவீதக் குறைப்பு, 2030இல் முழு நிறுத்தம், பழைய மெஷின்களின் சர்வீஸுக்காக மட்டும் 2040வரை சராசரியாக 2.5 சதவீதம் என்பது அட்டவணை. 2025 தொடங்கியதிலிருந்து இங்கே புதிய மெஷினை இந்த வகை வாயுக்களைக் கொண்டு தயாரிக்க முடியாது. இதே வேகத்தில் போனால் அண்டார்டிகா 2066 வாக்கிலும், ஆர்க்டிக் 2045 வாக்கிலும், மற்ற இடங்கள் 2040 வாக்கிலும் 1980இன் நிலைக்குத் திரும்பும் என்பது 2022இல் வந்த சர்வதேச மதிப்பீடு.

தயாரிப்பைச் சட்டம் நிறுத்திவிடும். ஏற்கெனவே மெஷின்களுக்குள் அடைபட்டிருப்பதை ஒவ்வொன்றாகக் காப்பாற்றவேண்டியது மெக்கானிக்கும் வீட்டுக்காரரும்தான்.

உங்கள் ஏசி எந்த வகை என்பதை அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டுத் தகட்டில் பாருங்கள். வாயுவின் பெயரும் எடையும் அச்சிட்டிருக்கும். ஆர்-22 என்றிருந்தால் மேற்கொண்டு சொல்வது முழுக்க உங்களுக்கானது. வேறு வாயுவானாலும் வேலைமுறை ஏறக்குறைய இதேதான்.

வெயில் தொடங்கியதும் "கேஸ் குறைஞ்சிருக்கு சார், டாப்-அப் பண்ணணும்" என்பது வாடிக்கையான வசனம். ஏசி கேஸ் செலவாகித் தீரும் சரக்கு கிடையாது. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருக்கும், மெஷினின் ஆயுள் முழுக்க. குறைந்திருக்கிறதென்றால் வெளியே போயிருக்கிறது. கசிவைத் தேடாமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை. ஒன்றரை டன் ஆர்-22 ஸ்ப்ளிட் ஏசியில் ஏறத்தாழ 1 கிலோ இருக்கும். அது முழுதும் போனால் 55 கிராம் சிஎஃப்சி-11ஐத் திறந்துவிட்டதற்குச் சமம். பூமியைச் சூடாக்கும் கணக்கில் சுமார் 1.8 டன் கார்பன் டை ஆக்சைடு. வருஷம் அரைக் கிலோ டாப்-அப் என்று நாலு வருஷம் ஓட்டினால், மெஷினுக்குள் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு வானத்துக்குப் போயிருக்கும். பணமும் அதே வழியில் போயிருக்கும்.

கசிவைத் தேட விலையுயர்ந்த கருவி முதலில் தேவையில்லை. கேஸோடு சேர்ந்து கொஞ்சம் ஆயிலும் வெளியே வரும் என்பதால், எண்ணெய்ப் பிசுக்கும் அதில் தூசி ஒட்டிய கறையும் இருக்கிற இடம்தான் முதல் சந்தேகம். பார்க்கவேண்டிய வரிசை: அவுட்டோர் வால்வுகளின் ஃப்ளேர் நட் (விரித்த குழாய் முனையை இறுக்கிப் பிடிக்கும் பித்தளை நட்), இன்டோருக்குப் பின்னால் உள்ள ஃப்ளேர் நட், சார்ஜிங் பின், கூலிங் காயிலின் யு-பெண்டுகள், ஒன்றோடொன்று உரசித் தேயும் கேப்பிலரி எனும் நுண்குழாய்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊரென்றால் கண்டென்சரின் (அவுட்டோர் யூனிட்டின் காயில்) கீழ்வரிசைகளையும் பாருங்கள். சோப்பு நுரை வைத்துப் பார்ப்பதை மெஷினை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஓடும்போது சக்‌ஷன் பக்கம் (கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பும் பக்கம்) அழுத்தம் 60–70 பிஎஸ்ஐதான் இருக்கும். நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டால் 30 டிகிரி வெப்பத்தில் இரு பக்கமும் 155–160 பிஎஸ்ஐக்கு வரும். சின்னக் கசிவு அப்போதுதான் குமிழ் விடும். உள்ளே திரவம் மிச்சமே இல்லாத அளவுக்குக் கசிந்திருந்தால் இந்த அழுத்தம் வராது. அதுவே ஒரு தடயம்.

சோப்பில் அகப்படாவிட்டால் மிச்சமிருக்கும் கேஸை ரெக்கவரி மெஷின் (கேஸை உறிஞ்சி எடுக்கும் கருவி) வழியாகக் காலி சிலிண்டருக்கு இழுத்துவிட்டு நைட்ரஜன் ஏற்றவேண்டும். கேஸை இழுக்கும் சிலிண்டரை முன்கூட்டி வேக்கம் போட்டு (உள்ளிருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுத்து), தராசில் வைத்து, கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் நிரப்பவேண்டும். முழுக்க நிரம்பிய சிலிண்டர் வெயிலில் சூடேறினால் திரவம் விரிய இடமில்லாமல் வெடிக்கும். ஆர்-22 சிலிண்டரில் வேறு கேஸைச் சேர்க்கக் கூடாது. கலந்துபோனதைப் பிரித்தெடுப்பது லேசில் ஆகாது, கடைசியில் யாரோ திறந்துவிட்டுத்தான் காலி செய்வார்கள். ரெக்கவரி மெஷின் வாங்க வழியில்லாத சிறிய பட்டறைகளுக்கு ஒரு வழி உண்டு. வேக்கம் போட்ட சிலிண்டரை ஐஸ் தண்ணீரில் வைத்து இணைத்தால் அழுத்த வேறுபாட்டிலேயே பெரும்பகுதி அங்கே போய்த் திரவமாகும். முழுக்க வராது: 0 டிகிரியில் ஆர்-22இன் அழுத்தமே சுமார் 57 பிஎஸ்ஐ, அந்த அளவில் ஓட்டம் நின்றுவிடும். அப்படியே திறந்துவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

நைட்ரஜன் சோதனைக்கு ஆர்-22 மெஷினில் 300 பிஎஸ்ஐ சுற்றிப் போதும். தகட்டில் உள்ள அழுத்தத்தைத் தாண்ட வேண்டாம். நிறைந்த சிலிண்டருக்குள் 2000 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும் என்பதால் ரெகுலேட்டர் இல்லாமல் இணைப்பது தற்கொலைக்குச் சமம். வெல்டிங் ஆக்சிஜனை வைத்துப் பிரஷர் டெஸ்ட் செய்பவர்களைக் கண்டால் தடுத்துவிடுங்கள். அழுத்தமான ஆக்சிஜனும் கம்ப்ரசர் ஆயிலும் சந்தித்தால் வெடிக்கும். இரவு முழுக்க வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: வெப்பம் 10 டிகிரி குறைந்தால் 300 பிஎஸ்ஐ தானாகவே சுமார் 10 பிஎஸ்ஐ இறங்கும். அதைக் கசிவென்று எண்ணிச் சுவரை இடிக்க வேண்டாம்.

ஃப்ளேர் நட் கசிந்தால் இன்னும் இறுக்குவது தப்பான வைத்தியம். பித்தளை நட் பிளந்துவிடும். பழைய ஃப்ளேரை வெட்டிவிட்டு, பிசிறு நீக்கி, புதிதாக ஃப்ளேர் செய்து, அதன் முகத்தில் ஒரு சொட்டு கம்ப்ரசர் ஆயில் தடவி டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கால் இஞ்ச் நட்டுக்கு சுமார் 15, அரை இஞ்ச் நட்டுக்கு சுமார் 55 நியூட்டன் மீட்டர். பிரேசிங் (குழாயைச் சூடாக்கிப் பற்றவைப்பது) என்றால் குழாய்க்குள் மெதுவாக நைட்ரஜன் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். ஓடாவிட்டால் உள்ளே கருந்துகள் படிந்து, கொஞ்ச நாளில் கேப்பிலரி அடைபட்டு, மறுபடி மெஷினைத் திறக்கவேண்டிவரும். மறுபடி திறப்பதென்றால் மறுபடி கேஸ் போகும்.

பிறகு வேக்கம். மானிஃபோல்ட் கேஜின் (மெக்கானிக்கின் அழுத்தமானி) முள் மைனஸ் 30க்கு வந்துவிட்டதென்று பம்பை நிறுத்துவது பரவலான பழக்கம். அந்த முள்ளால் நல்ல வேக்கத்தையும் ஈரம் கிடக்கும் வேக்கத்தையும் பிரித்துக் காட்ட முடியாது. மிக நுண்ணிய அழுத்தத்தையும் காட்டும் டிஜிட்டல் மைக்ரான் கேஜில் 500க்குக் கீழே வந்ததும் வால்வை மூடிப் பாருங்கள். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் ஈரம் மிச்சமிருக்கிறது, இன்னும் ஓடவிடவேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு மிச்சமிருக்கிறது. கடைசியில் கேஸை எடை பார்த்து ஏற்றவேண்டும், தகட்டில் உள்ள கிராம் அளவுக்கு. அழுத்தத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றினால் கூடிப்போன கேஸை மறுநாள் வானத்துக்குத்தான் விடுவார்கள்.

வீட்டுக்காரர் இவ்வளவையும் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. மெக்கானிக் வண்டியிலிருந்து எடை மெஷின், நைட்ரஜன் சிலிண்டர், வேக்கம் பம்ப் மூன்றும் இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஒரு சின்ன கேஸ் சிலிண்டரும் கேஜும் மட்டும் வந்தால் நடக்கப்போவது டாப்-அப். மூன்றையும் கொண்டுவருபவர் கூடுதலாகக் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம். அந்த வேலைக்குப் பாதி நாள் ஆகும்.

வீடு மாற்றும்போது நடக்கும் இழப்பு சொல்லிமாளாது. காப்பர் பைப்பைக் கட்டிங் பிளேயரால் நறுக்கினால் பத்து விநாடியில் ஒரு கிலோ காலி. செய்யவேண்டியது பம்ப் டவுன், அதாவது கேஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைப்பது, அதற்குச் சில நிமிஷம் போதும். ஏசியைக் கூலிங்கில் ஓடவிட்டு, சக்‌ஷன் பக்கம் கேஜ் மாட்டி, சிறிய பைப்பின் வால்வை எலன் கீயால் மூடுங்கள். அழுத்தம் இறங்கி பூஜ்யத்தை நெருங்கும்போது பெரிய பைப்பின் வால்வையும் மூடி, உடனே மெஷினை நிறுத்துங்கள். கேஸ் முழுதும் அவுட்டோருக்குள் அடைபட்டிருக்கும். முள் பூஜ்யத்துக்குக் கீழே போகவிட்டால் காற்றை உறிஞ்சும். கசிவுள்ள மெஷினில், அல்லது பைப்பைக் கழற்றிவிட்டு கம்ப்ரசரை ஓட்டும் பழக்கத்தில், உள்ளே புகுந்த காற்றும் ஆயிலும் அழுந்திச் சூடேறி கம்ப்ரசர் வெடித்த விபத்துகள் உண்டு. அங்கே ரெக்கவரி மெஷின்தான் வழி. புது இடத்தில் மாட்டும்போது வால்வை லேசாகத் திறந்து 'கேஸ் விட்டு ஏர் எடுப்பது' இன்னொரு கெட்ட பழக்கம். கேஸும் வீண், ஈரமும் உள்ளேயே தங்கும். அதற்கும் வேக்கம் பம்ப்தான்.

எக்ஸ்சேஞ்சில் பழைய ஏசியைக் கொடுக்கும்போதும் பம்ப் டவுன் செய்து வால்வு மூடிய நிலையில் கொடுங்கள். பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் போகிறதா என்று கேட்கலாம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளில் ஏசியும் ஃப்ரிட்ஜும் அடக்கம். கசியாமல் ஓடும் ஆர்-22 மெஷினை ஓசோனுக்காக மட்டும் அவசரமாகத் தூக்கிப் போடவேண்டாம் என்பது என் கருத்து. உள்ளே இருக்கும்வரை அது யாரையும் கெடுக்கவில்லை.

பழைய ஆர்-22 மெஷினில் ஆர்-410ஏ ஏற்றக் கூடாது. அதன் அழுத்தம் ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம், ஆயிலும் ஒத்துவராது. "ஓசோனுக்கு நல்லது, கூலிங்கும் பிரமாதம்" என்று புரொப்பேன் கலந்த கேஸை ஏற்றித் தருபவர்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். புரொப்பேனான ஆர்-290 நல்ல வாயுதான், அதற்கென்றே குறைந்த கேஸ் அளவும் பொறி தெறிக்காத ஸ்விட்சுகளும் வைத்து வடிவமைத்த ஏசியில். காற்றில் 2.1 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும், கனம் என்பதால் தரையோரம் தேங்கும். அதற்காக வடிவமைக்காத மெஷினில் அதை ஏற்றுவது வீட்டுக்குள் வெடிப்பொருள் வைப்பதுதான்.

ஃப்ரிட்ஜுக்கு வருவோம். 2000களின் தொடக்கம்வரை வந்த பலவற்றில் குழாய்க்குள் 100–200 கிராம் ஆர்-12 (அதாவது சிஎஃப்சி-12) இருக்கும். சுவர் ஃபோமில் ஊதப்பட்ட ஆர்-11 (சிஎஃப்சி-11) அதைவிடக் கூடுதலாக இருக்கும். பலரும் மறந்துவிடுவது இந்த ஃபோமைத்தான். ஆர்-11 சுமார் 24 டிகிரியிலேயே கொதிப்பது. ஃபோமை உடைத்து நொறுக்கினால் ஒரு பகுதி உடனே வெளியேறும், மிச்சம் குப்பைமேட்டில் கிடந்து பல ஆண்டுகள் கசியும். தகரத்துக்காகக் கதவைக் கோடாலியால் பிளக்கும் கடைக்கு அத்தகைய ஃப்ரிட்ஜைப் போடுவதைவிட, மூடிய அறையில் பொடித்து வாயுவைப் பிடிக்கும் வசதியுள்ள இடத்தைத் தேடுவது நல்லது. 2018இல் உலகில் சிஎஃப்சி-11 வெளியேற்றம் எதிர்பாராமல் கூடியிருப்பது தெரியவந்து, மறு ஆண்டு கிழக்குச் சீனாவின் ஷாண்டோங், ஹெபெய் பகுதிகள்வரை தடம் பிடித்தார்கள். பெரும்பாலும் ஃபோம் தயாரிப்புக்கான திருட்டு உபயோகம். கண்டித்ததும் அளவு இறங்கிவிட்டது. மற்றபடி ஃப்ரீசரில் ஐஸைக் கத்தியால் பெயர்க்காதீர்கள். அலுமினியத் தகட்டுக்குள்தான் கேஸ் பாதை ஓடுகிறது. ஒரு குத்தில் மொத்தமும் போகும்.

ஏசி தாண்டி இரண்டு இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏற்றுமதிக்கான மரப் பெட்டிகள், பேலட்டுகளில் பூச்சி கொல்ல மெத்தில் புரோமைடு அடிப்பது, நாடுவிட்டு நாடு பூச்சி பரவாமல் தடுப்பதற்கான தனிமைப்படுத்தல் விலக்கின்கீழ் இன்றும் அனுமதிக்கப்பட்டது: 21 டிகிரிக்கு மேலான வெப்பத்தில் கன மீட்டருக்கு 48 கிராம், 24 மணி நேரம். முடிந்ததும் பெரும்பாலும் திறந்துதான் விடுவார்கள். அதே சர்வதேச விதி வெப்பமுறையையும் ஏற்கிறது: மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி, தொடர்ந்து 30 நிமிஷம். வாங்கும்போது எச்டி முத்திரையுள்ளதைக் கேளுங்கள். எம்பி என்றிருந்தால் புரோமைடு.

இன்னொன்று உரம். இன்று மனிதர் வெளியேற்றும் ஓசோன் அழிப்பான்களில் முன்னிலையில் இருப்பது உரமிட்ட மண்ணிலிருந்தும் வரும் நைட்ரஸ் ஆக்சைடு என்று விஞ்ஞானி ரவிசங்கராவும் உடனாய்வாளர்களும் 2009இல் காட்டினார்கள். மான்ட்ரியல் உடன்பாடு இதைக் கட்டுப்படுத்தவில்லை. 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20.7 கிலோ தழைச்சத்து. மேட்டுப்பயிரில் அதில் 1 சதவீதம் இந்த வாயுவாகும் என்பது பொதுக் கணக்கு. மூட்டைக்கு சுமார் 330 கிராம் நைட்ரஸ் ஆக்சைடு. சிஎஃப்சி-11ஐ 1 என்று வைத்த அதே அளவுகோலில் இதன் எண் 0.017 என்பதால், பத்து மூட்டை யூரியா ஏறத்தாழ ஓர் ஆர்-22 ஏசியைத் திறந்துவிட்டதற்குச் சமம். நீர் தேங்கிய நெல்வயலில் இது குறைவு. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேன் குறையும், நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடும். அதனால் அங்கே யூரியாவை அளந்து போடுவது இன்னும் முக்கியம். அளக்க இலை வண்ண அட்டை (இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்க எண்ணிட்ட நிறப் பட்டைகள் கொண்டது) போதும். நடவு செய்த 14ஆம் நாளிலிருந்து 7–10 நாளுக்கொரு முறை பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற நிறத்துக்கும் கீழே வெளிறினால் மட்டும் மேலுரம் போடுங்கள். பச்சை அதற்கு மேலே இருக்கும்போது போடும் யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான்.